பதிவு செய்த பாடம் மாணவரின் கையில் இருக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்கல்வியில் இணையவழிப் பாடங்களைப் பெருக்குவது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பாடங்களைப் பதிவு செய்வது குறித்தும் அவற்றை இணையத்தில் ஏற்றுவது குறித்தும் அதில் விரிவாகச் சொல்லப்பட்டிருந்தது. ஏற்றிய பாடம் மாணவரிடம் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. தருமபுரி மாவட்டத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் துறையில் 29 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் படிப்பு அந்த விடுபட்ட வரியில்தான் இருக்கிறது என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அரசுப் பணத்திலோ மாணவர் கட்டிய கட்டணத்திலோ பதிவு செய்யப்படும் எந்தப் பாடத்தையும் இணையத்தில் ஓடவிட்டுப் பார்க்க வழி செய்தால் மட்டும் போதாது. அதை ஒரு கோப்பாக இறக்கி, போனிலோ மெமரி கார்டிலோ பென் டிரைவிலோ வைத்துக்கொண்டு, சிக்னல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேண்டிய மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு மாணவருக்கு உரிமையும் வசதியும் இருக்க வேண்டும். கேட்பதற்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். இணையதளத்தை வடிவமைப்பவர் அந்தப் பக்கத்தில் ஒரு பொத்தானை வைப்பதா வேண்டாமா என்ற அளவில்தான் பல இடங்களில் இது முடிவாகிறது. அந்த முடிவின் விளைவு எத்தனை தூரம் போகிறது என்பதை நான் ஒரு கழித்தல் குறியிலிருந்து தெரிந்துகொண்டேன்.

கொரோனாக் காலத்தில் நான் இணையவழியில் நடத்திய பாடம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், அதாவது பாரம் ஏறும்போது பொருள்கள் அதை எப்படித் தாங்குகின்றன என்பது. மாணவர்கள் எஸ்.ஓ.எம். என்று சுருக்கிச் சொல்வார்கள். ஒரு முனை சுவரில் பதிந்து மறுமுனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கான்டிலீவர் உத்தரத்தின் நுனியில் பாரத்தைத் தொங்கவிட்டால் பெண்டிங் மொமெண்ட், அதாவது உத்தரத்தை வளைக்கும் திருப்புவிசை, எப்படி வரும் என்பதை வெள்ளைப் பலகையில் எழுதிக்காட்டி, பதிவு செய்து ஏற்றியிருந்தேன். அந்த வாரத்து விடைகளைத் திருத்தியபோது, அரூரை அடுத்த மலையோர ஊர்களிலிருந்து படித்த நான்கு பேர் ஒரே தவறைச் செய்திருந்தார்கள். சுவரை ஒட்டிய இடத்தில் மொமெண்ட் 'மைனஸ் டபிள்யூ எல்' என்று வர வேண்டும்; டபிள்யூ என்பது பாரம், எல் என்பது உத்தரத்தின் நீளம். நால்வரும் மைனஸை விட்டுவிட்டு, கோட்டுக்குக் கீழே வரைய வேண்டிய படத்தையும் கோட்டுக்கு மேலே வரைந்திருந்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவிட்டார்கள் என்று நினைத்து, கல்லூரி திறந்து அவர்கள் நேரில் வந்தபோது கோபமாகவே கேட்டுவிட்டேன். அவர்களில் ஒரு பெண் சித்தேரி மலையில் ஒரு சிற்றூரிலிருந்து வந்தவள். "சார், போர்டுல அந்த மைனஸ் எங்களுக்குத் தெரியவே இல்ல சார்" என்றாள்.

அவள் போனை வாங்கி, அவள் ஊரில் கிடைக்கும் தரத்தில், அதாவது 144பி என்று குறிக்கப்படும் மிகத் தாழ்ந்த தரத்தில், என் பாடத்தை நானே ஓடவிட்டுப் பார்த்தேன். பலகையில் எழுதிய எழுத்துகள் ஈரத்தில் ஊறிய மைபோலப் பரவிக் கிடந்தன. சிறு கோடாக நான் இழுத்திருந்த கழித்தல் குறி வெள்ளையோடு வெள்ளையாகக் கரைந்து போயிருந்தது. பலகைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த என் கைதான் ஓரளவு தெரிந்தது. நால்வரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மதிப்பெண்ணையும் திருத்திப் போட்டேன்.

இது ஏன் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். ஸ்ட்ரீமிங் முறையில் வீடியோ முழுதாக நம் போனுக்கு வந்து தங்குவதில்லை. 2009-இல் ஆப்பிள் நிறுவனம் கொண்டுவந்த எச்.எல்.எஸ். முறையும், 2012-இல் பொதுத் தரமாக வெளிவந்த டேஷ் முறையும் வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் அடுக்கி வைத்திருக்கின்றன. சிக்னல் வலுவாக இருந்தால் தெளிவான துண்டு வருகிறது. சிக்னல் தளர்ந்தால் அடுத்த துண்டு மங்கலாக வருகிறது. எது போனாலும் ஓட்டம் நிற்கக் கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். சினிமாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் இது மிகவும் பொருந்தும். நடிகரின் முகம் சிறிது நேரம் மங்கினாலும் கதை புரிந்துவிடும். பாடத்தின் தேவை இதற்கு நேர்மாறானது. பாடம் பத்து விநாடி நின்று போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது, ஆனால் பலகையில் ஒரு குறி மறைந்தால் கணக்கே வேறாகிவிடும். கோப்பாக இறக்கும்போது சிக்னல் எவ்வளவு மோசமாக இருந்தாலும் நேரம்தான் கூடுதலாகச் செலவாகும், தரம் குறையாது. விடிய விடிய இறங்கினாலும், இறங்கி முடிந்த பாடத்தில் ஆசிரியர் எழுதிய அத்தனையும் எழுதியபடியே இருக்கும்.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பலகையில் எழுதுவது தெளிவாகத் தெரியும்படி, விநாடிக்கு 500 கிலோபிட் என்ற கணக்கில் சுருக்கினால், ஒரு மணி நேரப் பாடம் 225 எம்.பி.க்குள் அடங்கும். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நாளொன்றுக்கு 2 ஜி.பி. வீதம் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இலவச டேட்டா கார்டு வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்ல எண்ணத்தில் செய்யப்பட்ட நல்ல காரியம் அது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாணவியின் ஊரில் டேட்டா இருந்து என்ன பயன், டவர் எட்டவில்லையே. அவள் அரூர் பேருந்து நிலையத்துக்கு வந்தால் சிக்னல் நிறைந்திருக்கும். 2 ஜி.பி.யில் ஏறக்குறைய ஒன்பது மணி நேரப் பாடம் இறங்கும். எங்கள் பாடங்கள் கோப்பாகக் கிடைத்திருந்தால், மலைக்குப் போகும் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில், ஒரு நாள் டேட்டாவில் ஒரு வாரப் பாடத்தை இறக்கி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போயிருப்பாள். ஓடவிட்டு மட்டும் பார்க்கும் வசதியைத் தந்ததால், பேருந்து நிலையத்தின் இரைச்சலில் நின்றுகொண்டே ஒரு பாடத்தை அரைகுறையாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

பாடம் கண்முன்னால் ஓடிக் கடந்துவிடுகிறது, கையில் தங்குவதில்லை என்பது நம் நாட்டில் புதிய குறையன்று. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு காலம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளின் துணையோடு ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களில் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை நடந்தது. 1984 ஆகஸ்டு 15-இல் பல்கலைக்கழக மானியக் குழு இன்சாட் செயற்கைக்கோள் வழியாகத் தூர்தர்ஷனில் கல்லூரிப் பாடங்களை ஒளிபரப்பத் தொடங்கியது. 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் பெரிய மனிதர்களின் பெரிய உழைப்பு இருந்தது. ஆயினும் ஒளிபரப்பாகும் நேரத்தில் கரண்ட் போனாலோ, வீட்டில் வேறு வேலை வந்துவிட்டாலோ, ஒரு வரி புரியாமல் போனாலோ அந்தப் பாடம் போனது போனதுதான். இடைமறித்து ஆசிரியரைக் கேட்கவும் முடியாது, பின்னோக்கி ஓட்டிப் பார்க்கவும் முடியாது.

இந்த நிலையை மாற்றியது என்பிடெல் திட்டம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். பம்பாய், டெல்லி, குவாஹாட்டி, கான்பூர், காரக்பூர், சென்னை, ரூர்க்கி ஆகிய ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, மத்திய அரசின் நிதியில் 2003-இல் தொடங்கிய திட்டம் அது. ஒரு பாடத்துக்கு ஏறக்குறைய 40 வகுப்புகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்ற திட்டத்தில் பதிவு செய்தார்கள். யூடியூபில் ஏற்றினார்கள், அதோடு விட்டுவிடாமல், தங்கள் தளத்திலேயே கோப்பாக இறக்கிக்கொள்ளவும் வழி வைத்தார்கள். கல்லூரிகள் கேட்டால் ஹார்டு டிஸ்க்கிலும் படியெடுத்துத் தந்தார்கள். 2001-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை ஓப்பன்கோர்ஸ்வேர் என்ற பெயரில் உலகத்துக்கே திறந்துவிடப்போவதாக அறிவித்தபோதும் இதே மனப்பாங்குதான் இருந்தது. அங்கே கணிதப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்ட்ராங் 1999-இல் கரும்பலகையில் நடத்திய நேரியல் இயற்கணித வகுப்புகளை இன்றும் யார் வேண்டுமானாலும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். வணிகத்துக்குப் பயன்படுத்தாத வரை படியெடுத்து நண்பருக்கும் தரலாம். கொடுப்பது என்றால் அப்படித்தான் கொடுக்க வேண்டும்.

எங்கள் நூலகத்துக்கு அப்படியொரு ஹார்டு டிஸ்க் வந்தது. அதைச் சாதாரணக் கணினி ஒன்றில் பொருத்தி, கல்லூரிக்குள் ஓடும் கேபிள் வலைப்பின்னலில் இணைத்து வைத்தோம். வெளியிணைப்பு இல்லாமலேயே நூலகத்தின் ஆறு கணினிகளிலும் பாடங்கள் தடங்கலின்றி ஓடின. சனிக்கிழமை மதியம் பிள்ளைகள் பென் டிரைவோடு வரிசையில் நிற்பார்கள். அந்த நாட்களில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் மொபைல் கடைகளில் பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவார்கள் அல்லவா, அதைப் போலவே எங்கள் நூலகர் பாடம் ஏற்றித் தந்தார். எந்தப் பாடம், எத்தனையாவது வகுப்பு என்று ஒரு நீளமான நோட்டில் குறித்து வைப்பார். பின்னர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. பிள்ளைகள் முழுப் பாடத்தையும் எடுக்கவில்லை. வெப்ப இயக்கவியலில் என்ட்ரோபி, எந்திரவியலில் கவர்னர் எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, என் பாடத்தில் தகைவுகளைப் படமாக வரைந்து கணக்கிடும் மோர் வட்டம் என்று வகுப்பில் விளங்காமல் போன இடங்களைத் தேடித் தேடி எடுத்திருக்கிறார்கள். எந்த இடத்தில் என் வகுப்பு பிசகுகிறது என்று அந்த நோட்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தது. மோர் வட்டத்துக்கு அதற்கடுத்த ஆண்டு நான் இரண்டு வகுப்புகள் கூடுதலாக எடுத்தேன்.

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் எங்கள் மாணவர்கள் பலரிடம் மடிக்கணினி இருந்தது. வீட்டில் இணையம் கிடையாது. அந்த மடிக்கணினியையும் பாடத்தையும் இணைத்தது இந்த ஹார்டு டிஸ்க்தான். டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் நேரே பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் பிள்ளைகள் கணிதத்தில் திணறுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. சேருவதற்கு முந்தைய கோடை விடுமுறையில், ஊரில் மாடு மேய்க்கப் போன இடத்திலும் செல்போனில் நுண்கணித வகுப்பு பார்த்ததாக ஒருவன் என்னிடம் வந்து சொன்னான். அவன் பார்த்தது மெமரி கார்டிலிருந்து. அந்த மேய்ச்சல் நிலத்தில் சிக்னலே கிடையாது.

இப்போது பல இடங்களில் நடப்பது இதற்கு நேர் எதிராக இருக்கிறது. என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். கொரோனா இரண்டு ஆண்டுகளில் நான் 46 பாடங்களைப் பதிவு செய்தேன். எங்கள் நிறுவனம் அப்போது ஒரு தனியார் தளத்துக்குச் சந்தா கட்டியிருந்தது. பாடங்களை அதில்தான் ஏற்ற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. என் போனில் இடம் போதாமல், ஏற்றிய பிறகு ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தேன். அதற்கென்ன, தளத்தில்தான் இருக்கிறதே என்று நம்பினேன். சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டபோது தளம் மூடிக்கொண்டது. இறக்கிக்கொள்ளும் வசதி ஆசிரியருக்கும் இல்லை, மாணவருக்கும் இல்லை. எழுதிக் கேட்டேன், இரண்டு முறை நேரிலும் போய்க் கேட்டேன். காலம் கடந்துவிட்டது என்றார்கள். 46 பாடங்களில் ஒன்றுகூட இன்று என்னிடம் இல்லை. மாணவர் ஒருவர் போனில் ஒரு கோப்பாவது தங்கியிருந்தால் அதிலிருந்து மீட்டிருப்பேன். பாடப் புத்தகம் அச்சாகி நூறு வீடுகளில் இருந்தால் அதை யாராலும் அழிக்க முடியாது. ஒரே இடத்தில் வைத்துப் பூட்டியது பூட்டோடு போய்விடும்.

இன்னொன்றும் நடக்கிறது, அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. என்னிடம் படித்துப் போன மாணவன் ஒருவன் சேர்ந்த பொறியியல் கல்லூரியில், வகுப்புப் பதிவுகளை ஒரு செயலியில்தான் பார்க்க முடியும். பதிவெண்ணும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைய வேண்டும். ஒரு பாடத்தை மூன்று முறைக்கு மேல் பார்க்க முடியாது. செமஸ்டர் முடிந்த கையோடு அந்தப் பாடம் மறைந்துவிடும். அவனுக்கு ஒரு தாளில் அரியர் விழுந்தது. அரியர் எழுதுவது அடுத்த செமஸ்டரில். அந்தப் பாடம் மூடப்பட்டதோ முந்தைய செமஸ்டரில். யாருக்கு அந்தப் பதிவு மிகவும் தேவையோ அவனுக்கு அது கிடைக்கவில்லை. முதல் முறையே புரிந்துகொண்டு தேறிப் போனவர்களுக்காகத்தான் அந்தச் செயலி வடிவமைக்கப்பட்டிருக்கிறது போலும். கட்டணம் மட்டும் அவனும் அதே அளவுதான் கட்டியிருக்கிறான்.

யூடியூபில்தான் ஆப்லைன் வசதி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது நமக்குக் கோப்பைத் தருவதில்லை. அந்தச் செயலிக்குள்ளேயே பூட்டி வைக்கிறது; குறிப்பிட்ட காலத்துக்குள் மறுபடி இணையத்தோடு தொடர்பு கொள்ளாவிட்டால் திறக்காது. ஒரு போனில் இறக்கியதைத் தங்கையின் போனுக்கு மாற்ற முடியாது. எங்கள் ஊர்களில் ஒரு வீட்டுக்கு ஒரு நல்ல போன் என்பதே இன்னும் பலருடைய நிலைமை. அதுவும் காலை ஆறு மணிக்கு அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வீடு திரும்பும். இறக்கிய பாடம் மெமரி கார்டில் இருந்தால் அதைக் கழற்றிப் பாட்டியின் பழைய போனில் போட்டுக்கூடப் பார்க்கலாம்.

கோப்பாகக் கொடுத்தால் திருடி விற்றுவிடுவார்கள் என்பது நிர்வாகங்கள் சொல்லும் முதல் காரணம். விற்பதற்காக எடுப்பவர் எந்தப் பூட்டையும் உடைத்து எடுத்துக்கொள்வார். திரையையே பதிவு செய்துகொள்ளும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பூட்டு தடுப்பதெல்லாம் நேர்மையான மாணவரைத்தான். பொதுப் பணத்தில் எடுத்த பாடம் பரவினால் அது நட்டம் என்று எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்பதும் எனக்குப் புரியவில்லை. யார் எத்தனை நிமிடம் பார்த்தார் என்ற கணக்கு கிடைக்காமல் போகும் என்பது அடுத்த காரணம். அந்தக் கணக்கை வைத்து வருகைப்பதிவும் இன்டர்னல் மார்க்கும் போடும் கல்லூரிகள் இருக்கின்றன. போனை ஓடவிட்டுவிட்டுப் பிள்ளைகள் வேறு வேலை பார்க்கிறார்கள் என்பது ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். படித்தானா என்பதை ஒரு கேள்வி கேட்டு அறிந்துகொள்ளலாமே.

மூன்றாவது அச்சத்தை ஆசிரியர்கள் வெளிப்படையாகச் சொல்வதில்லை. என் பாடம் ஊரெல்லாம் பரவிவிட்டால் அடுத்த ஆண்டு என்னை வேலைக்கு வைத்துக்கொள்வார்களா என்று கவுரவ விரிவுரையாளர்கள் பயப்படுகிறார்கள். இந்தப் பயத்தை நான் லேசாக எண்ணவில்லை. பதிவைக் காட்டி ஆளைக் குறைக்க நினைக்கும் நிர்வாகம், அதை இறக்க முடிகிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்காது. ஆசிரியரின் வேலைக்குப் பாதுகாப்பைப் பணி ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். மாணவரின் கையைக் கட்டி அதைத் தேட முடியாது. தவிரவும், பதிவைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள்தான் என்னிடம் அதிகக் கேள்வி கேட்டார்கள் என்பது என் அனுபவம்.

எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்பதைப் பற்றி, கெட்டுப் பட்டறிந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லத் தோன்றுகிறது. முதலில் காது, பிறகுதான் கண். படம் சுமாராக இருந்தாலும் பாடத்தைப் பின்தொடர முடியும். குரல் கேட்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் எந்தப் பிள்ளையும் மூடிவைத்துவிடும். நம் வகுப்பறைகளில் குரலுக்கு எதிரி மின்விசிறி. மேசைமேல் போனை வைத்துப் பதிவு செய்தபோது என் பேச்சைவிட விசிறியின் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. சட்டைக் காலரில் மாட்டும் சிறு மைக் ஒன்று வாங்கி, விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க நின்று மறுபடியும் எடுத்தேன். அடுத்தது, கேமராவை அசைக்கவே கூடாது. வீடியோவைச் சுருக்கும் மென்பொருள் பெரும்பாலும் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் இடையில் மாறியதைத்தான் சேமிக்கிறது. அசையாத பலகைக்கு மிகக் குறைந்த இடம் போதும். கேமரா ஆசிரியரைத் துரத்திக்கொண்டே போனால் எல்லாமே மாறிக்கொண்டிருக்கும், கோப்பு பெருக்கும், இருக்கும் இடத்தில் பலகை எழுத்துக்குப் பங்கு குறையும். எழுத்தைப் பெரிதாக எழுத வேண்டும். கழித்தல் குறியை நான் இப்போது விரல் நீளத்துக்குப் போடுகிறேன்.

ஒரு மணி நேர வகுப்பைத் தலைப்பு மாறும் இடத்தில் வெட்டி, கால் மணி, இருபது நிமிடத் துண்டுகளாகத் தந்தால் இறக்குவதும் எளிது, தேடுவதும் எளிது. இறங்கிக்கொண்டிருக்கும்போது தொடர்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடரும்படி சர்வரை அமைக்க வேண்டும், 200 எம்.பி. இறங்கிய பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் கொடுமையை அனுபவித்தவர்களுக்கே அதன் வலி தெரியும். குரலை மட்டும் தனிக் கோப்பாகவும் தர வேண்டும். விநாடிக்கு 32 கிலோபிட் போதும். ஒரு மணி நேரத்துக்கு 15 எம்.பி.கூட ஆகாது, 40 வகுப்புகளும் சேர்ந்து 600 எம்.பி.க்குள் முடிந்துவிடும். ஒருமுறை பார்த்த பாடத்தைப் பேருந்தில் காதில் கேட்டுக்கொண்டே போக அது உதவும். கோப்பின் பெயரில் பாடம், அலகு, தலைப்பு இருக்க வேண்டும். எண்களும் எழுத்துகளும் குழம்பிய ஏதோ ஒரு பெயரில் நாற்பது கோப்புகள் கையில் இருந்தால், தேர்வுக்கு முந்தைய இரவில் வேண்டியதைக் கண்டுபிடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

தமிழைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என்பிடெல் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடத்தப்பட்டவை. அவற்றின் எழுத்து வடிவத்தைத் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பெயர்த்துத் தரும் பணி நடந்துவருகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அது பெரிய வரம். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு வருபவர், ஆங்கில வகுப்பை ஒருமுறை கேட்டால் பாதிதான் விளங்கும். நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, எழுத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் மூன்றாவது முறையில் பிடிபட்டுவிடும். எனவே மூன்று முறைக்கு மேல் பார்க்கக் கூடாது என்ற வரம்பு, எல்லோரையும் விட இவர்களைத்தான் முதலில் வெளியே தள்ளுகிறது. பாடத்தின் எழுத்து வடிவமும் வீடியோவோடு சேர்ந்தே இறங்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். பத்துப் பதினைந்து பக்கங்களுக்கு ஆகும் இடம் கணக்கிலேயே வராது.

2017 ஜூலை 9-இல் மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணையவழிப் பாடத் தளமும், அதோடு ஸ்வயம் பிரபா என்ற பெயரில் 32 டி.டி.எச். கல்வி அலைவரிசைகளும் தொடங்கப்பட்டன. 2019 ஆகஸ்டு 26-இல் நம் மாநிலத்தில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. வழிகள் பெருகுவது மகிழ்ச்சிக்குரியது. இந்த வழிகளில் வரும் பாடங்களையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் பதிவாகும் பாடங்களையும், இறக்கிவைத்துக்கொள்ளும் கோப்பாகவும் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று உயர்கல்வித் துறை ஓர் அரசாணை பிறப்பிக்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தனியார் தளங்களோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும் நிறுவனங்கள், ஒப்பந்தம் முடியும் நாளில் பாடங்கள் அனைத்தையும் கோப்பாகத் திரும்பப் பெறும் விதியை முதலிலேயே எழுதி வாங்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரி நூலகத்திலும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் அவற்றின் படி இருக்க வேண்டும். முடிந்துபோன செமஸ்டர்களின் பாடங்களும் அதில் நிலைத்திருக்க வேண்டும். இதற்குப் புதிய செயற்கைக்கோளோ புதிய கட்டடமோ வேண்டியதில்லை. பழைய கணினி ஒன்றும், சனிக்கிழமை மதியம் நூலகத்தைத் திறந்து வைக்க ஒருவரும் போதும்.

தொலைந்துபோன 46 பாடங்களை நான் வீட்டு மொட்டை மாடி அறையில் மறுபடியும் பதிவு செய்து வருகிறேன். இதுவரை 19 முடிந்திருக்கின்றன. கான்டிலீவர் உத்தரம் ஏழாவது பாடம். அதை மூன்று தரங்களில் எடுத்து, மிகத் தாழ்ந்த தரத்தில் போனில் ஓடவிட்டு, மைனஸ் தெரிகிறதா என்று பார்த்துவிட்டே ஒப்படைத்தேன். முடிந்த பாடங்களைப் பென் டிரைவில் எங்கள் பழைய நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறேன். நூலகர் தன் நீண்ட நோட்டில் புதிய பக்கம் தொடங்கியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற விரிவுரையாளர், இயந்திரவியல் துறை,
தருமபுரி மாவட்டம்.